ஓய்வும் விருந்தும்

(இளங்கலை வரலாறு, இரண்டாமாண்டு)

உழைப்பின் உயர்வைப் பற்றி நம் கல்லூரி மலரில் கட்டுரைகள் வருவதுண்டு. ஓய்வைப் பற்றி எழுத மட்டும் எவரும் துணிவதில்லை. சோம்பேறி என்று பேராசிரியர்கள் எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் போலும்! ஆனால் ஓய்வைக் கட்டளையாகவே விதித்த மறைநூல் ஒன்று உண்டு. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திரு என்கிறது. யூதர்கள் அதைச் சனிக்கிழமையிலும், கிறித்தவர்களுள் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமையிலும் கடைப்பிடிக்கின்றனர்.

அக்கட்டளையை முழுமையாகப் படித்தபோது நான் வியந்தேன். அந்த ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், மாட்டுக்கும், வீட்டில் தங்கியிருக்கும் அந்நியனுக்கும் உரியது. அதாவது, ஓய்வும் விருந்தோம்பலும் அங்கே ஒரே கட்டளைக்குள் அடங்கிவிடுகின்றன. பிறரை ஓயவிடாதவன் தானும் ஓய்ந்தவன் ஆகான் என்பதே அதன் பொருளாக எனக்குப் படுகிறது. வெயிலில் வந்த மூவரை ஆபிரகாம் மரநிழலில் அமர்த்தி, கால் கழுவ நீர் தந்து உணவளித்த கதையும் இதையே உணர்த்துகிறது.

விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த ஊர் என்று மயிலையைச் சொல்வார்கள். அந்த மயிலைக்குக் கடல் கடந்து வந்தவர்களும் பலர். புயலில் திசை தவறிய போர்த்துகீசிய மாலுமிகள் ஓர் ஒளியைக் கண்டு கரைசேர்ந்து, அது மறைந்த இடத்தில் ஆலயம் எழுப்பினர் என்பது லஸ் மாதா கோயிலின் வரலாறாக வழங்கும் கதை. அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டைக் காட்டுகிறது. சுற்றிலும் காடாக இருந்ததால் மக்கள் அதைக் காட்டுக் கோயில் என்றே அழைத்தனர். பின்னர் வந்த ஆர்மீனிய வணிகர் உஸ்கான், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறுவோருக்குப் படிகளும் அமைத்தார். விருந்தாளியாக வந்தவர், வழிநடப்போரின் களைப்பைத் தீர்ப்பவராக மாறினார்!

இனி என் கதைக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் நான் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் விடுமுறை, எங்களுக்கோ அன்றுதான் கூட்டம். காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்ட வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் நண்பன் சாந்தோம் குப்பத்தைச் சேர்ந்தவன். அதிகாலைப் பூசை கண்டு நேரே கடைக்கு வருவான். "ஓய்வுநாளில் உனக்கு ஏதடா ஓய்வு?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அன்றிரவு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான்.

அவன் தாயார் பகலெல்லாம் மீன் விற்றுக் களைத்தவர். என்னைக் கண்டதும், "காலை நீட்டிக் குந்து தம்பி, பொழுதன்னிக்கும் நின்னிருப்பே" என்றார். என் பெயரை அதன் பிறகே கேட்டார். சோறும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டு, எங்கள் எதிரே தாமும் கால் நீட்டி அமர்ந்தார். "இப்பத்தான் எனக்கு ஞாயித்துக்கெழமை" என்று சிரித்தார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இயேசு வந்த வீட்டில் மார்த்தா ஓடியாடி வேலை செய்தாள், மரியா அவர் காலடியில் அமர்ந்து கேட்டாள் என்பது நற்செய்திக் கதை. அந்தக் குடிசையில் இருவரையும் ஒருவரிடமே கண்டேன்.

ஆயினும் இரவில் கிடைத்த அந்த அமைதி, பகலெல்லாம் நிற்க வைப்பதை நியாயமாக்கிவிடாது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. ஆனால் உட்கார்ந்தவனை மேற்பார்வையாளரின் ஒரு பார்வை எழுப்பிவிடுகிறது.

தோழர்களே! பண்டிகைக்குத் துணி எடுக்கச் செல்லும்போது, எதிரே நிற்பவரிடம் "உட்கார்ந்துகொண்டே காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். கடை அவருடையது அன்று, நம்முடையதும் அன்று. எனினும் அந்த ஒரு சொல்லால் நாம் அவரை உபசரித்தவர்கள் ஆவோம். இருக்கையைச் சட்டம் தந்துவிட்டது. உட்காரச் சொல்லும் உள்ளத்தை நாம்தான் தரவேண்டும்.