அந்த வருஷத்துப் புதுநன்மை

போன மாதம் மகள் வயிற்றுப் பேரனுக்குப் புதுநன்மை. கடையில் எடுத்த வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் பட்டாம்பூச்சி போல ஒரு டை. போட்டோக்காரர் பையனை இப்படி நில், அப்படித் திரும்பு என்று ஆட்டி வைத்தார். "தாத்தா, உங்களுக்கு யாரு கோட்டு வாங்கினாங்க?" என்று கேட்டான். வாங்கவில்லையடா, கொடுத்தார்கள் என்றேன். அதற்குள் கேக் வந்துவிட்டது, பையன் ஓடிவிட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில் சாமியார்கள் நடத்திய பிரெஞ்சு வகுப்பில். பள்ளியின் பெயர் வேண்டாம். காலையில் பூசை, பிறகு வகுப்பு. பூசை லத்தீனில், பாடம் பிரெஞ்சில், விளையாட்டும் சண்டையும் தமிழில். மேசையில் பதித்த பீங்கான் கிண்ணத்தில் ஊதா மை. செர்ழான் மழோர் என்ற நிப்பு. அதை அழுத்திப் பிடித்தால் தாள் கிழியும், விட்டுப் பிடித்தால் எழுத்து கோழி கிளறியது போல வரும். தீக்தேயில் ஐந்து பிழை வந்தால் பூச்சியம். பிழையே இல்லாமல் எழுதினால் மெத்ரு மேசை அறையைத் திறந்து ஒரு சின்ன அட்டை கொடுப்பார், பொன் புவான் என்று அதற்குப் பெயர். பத்து சேர்ந்தால் ஒரு புனிதர் படம். லுவார் ஆறு எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வில்லியனூர் பக்கம் ஓடுகிற சங்கராபரணி செஞ்சி மலையிலிருந்து வருகிறது என்று நான் தெரிந்துகொண்டது உத்தியோகத்துக்குப் போன பிறகுதான்.

நான் சொல்ல வந்தது 1962ஆம் வருஷம். எனக்குப் பதினொரு வயது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது 1954 நவம்பர் 1 என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அது நடைமுறையில் கொடுத்தது. சட்டப்படி கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16. முதல் நாள் ஆகஸ்ட் 15, மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள், சுதந்திர தினமும் அதுவே. இரண்டு நாளும் சேர்ந்து விடுமுறை வந்ததில் எங்களுக்குப் பரம சந்தோஷம். சம்பா கோவிலில் பாட்டுப் பூசை, சாயங்காலம் கடற்கரை, வேர்க்கடலை. வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

காரணம் இதுதான். ஒப்பந்தப்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரும் அன்று முதல் இந்தியப் பிரஜைகள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் எழுதுவதுதான் கணக்கு. 1963 பிப்ரவரி நடுவோடு கெடு முடிகிறது. அந்த ஆறு மாதமும் எங்கள் பள்ளியில் மற்றதெல்லாம் வழக்கம் போல நடந்தது. அக்டோபரில் செபமாலை மாதம். அந்த மாதம் 11ஆம் தேதி ரோமாபுரியில் பொதுச்சங்கம் கூடியது. பெரிய சாமியார் எங்களை வரிசையில் நிறுத்தி, பூசையே ஒரு நாள் தமிழில் வரலாம் என்றார். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். அதே மாதக் கடைசியில் சீனாக்காரன் சண்டை. பாதுகாப்பு நிதிக்கு வசூல் செய்ய, பிரான்சில் பிறந்த அந்தப் பெரிய சாமியாரே தன் வெயில் தொப்பியைக் கழற்றி, வகுப்பு வகுப்பாக வந்து நீட்டினார். நாங்கள் பட்டாணிக் காசைப் போட்டோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்க வைத்திருந்த காசை நான் போட்டுவிட்டு, தாத்தா கல்லறையில் பாதி எரிந்த துண்டை ஏற்றியதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் அப்பா மேரியில் எக்ரிவேன், அதாவது குமாஸ்தா. எத்தா சிவில் புத்தகத்தில் பிறப்பு, இறப்பு, கலியாணம் எழுதுகிற வேலை. அவர் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். (நானும் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஒருமுறை வேறு காரியமாக 1951ஆம் வருஷப் பதிவேட்டைப் புரட்டியபோது என் பிறப்பை அவரே எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஊரார் பிள்ளைகளுக்கு எழுதிய அதே நிதானம். ஓர் எழுத்துகூடப் பெரிதாக இல்லை.) அந்த ஆறு மாதமும் சாயங்காலமானால் எங்கள் திண்ணையில் கூட்டம். சொல்தாவாக இருந்து ஓய்வு வாங்கினவர்கள், சைகோனில் வேலை பார்த்துத் திரும்பினவர்கள், கணவனை இழந்த பெண்கள். அவர்கள் வாயால் சொல்ல, அப்பா பிரெஞ்சில் அவர்களுடைய விண்ணப்பத்தை எழுதுவார். ஒரு காசு வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கு வரும். ஒரு நாள் ஒருவர் ஒரு முழுக் கொடுவா மீனைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். நான் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை எழுதினார் என்று கணக்கில்லை. தனக்கு ஒன்று எழுதவில்லை.

ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "உங்க அம்மாவ யாரு பாக்கறது?" என்றார். சித்தப்பா கேட்டதற்கு, "குளிரு நமக்கு ஆவாது" என்றார். பங்குச் சாமியார் கேட்டதற்கு என்ன சொன்னாரோ தெரியாது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பையனிடம் யார் சொல்லப் போகிறார்கள்.

என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு சொல்தாவின் மகன். அவன் தகப்பனார் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். எனக்குக் கணக்கு வராது, அவனுக்குத் தீக்தே வராது, அதனால் நாங்கள் சிநேகிதர்கள். இரண்டு பேருக்கும் அந்த வருஷம்தான் புதுநன்மை என்று முடிவாகியிருந்தது. ஞானோபதேசத்துக்கு ஒன்றாகப் போவோம். டிசம்பர் 8 சம்பா கோவில் திருநாள் முடிந்த மறுநாள், விளையாட்டு நேரத்தில், ஏதோ கோலிச் சண்டையில் அவன் சொன்னான்: "உங்க அப்பா ஊருக்கெல்லாம் எழுதறாரு, அவரு எழுதலியாமே. பயந்தாங்கொள்ளி." அவன் மூக்கில் ஒன்று விட்டேன். சட்டையெல்லாம் ரத்தம். பெரிய சாமியார் பிரம்பை எடுக்கவில்லை. ஒரு வாரம் வகுப்பு முழுவதற்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மை ஊற்ற வேண்டும் என்றார். ஒருவன் கூஜாவைப் பிடிக்க ஒருவன் கிண்ணத்தைத் துடைக்க, நாலாம் நாள் பேசிக்கொண்டோம். கையில் பட்ட ஊதா கிறிஸ்துமஸ் வரை போகவில்லை.

மெத்ரு வேறு மாதிரி. கெடு முடிந்த பிறகு ஒரு காலை வகுப்புக்குள் வந்து, பிரெஞ்சுப் பிரஜை யார் யார், கை தூக்குங்கள் என்றார். 27 பேரில் 11 கை. அவர்களை முன் பெஞ்சுக்கு வரச் சொன்னார். நிர்வாகத்துக்குக் கணக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அடுத்த வருஷம் எத்தனை பேர் பிரெஞ்சு வகுப்பில் தங்குவார்கள் என்று பார்த்திருக்கலாம். நானே நாற்பது வருஷம் அரசாங்கத்தில் கணக்கு எடுத்தவன், கணக்கு எடுப்பது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பெஞ்சை மாற்றியது தப்பு. தீக்தேயில் வகுப்பிலேயே அதிகப் பொன் புவான் வைத்திருந்தவன் நான். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனேன். வீட்டில் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அங்கேருந்து பலகை தெரியுதா?" என்று கேட்டார். தெரியுது என்றேன். திரும்பவும் தாளைப் பிரித்துக்கொண்டார்.

அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. சின்ன வயசில் மட்டும் இல்லை. பிறகு இதே ஊரில் பிரெஞ்சுப் பான்சியோன் வாங்குகிற வீடுகள் மாடி கட்டுவதையும், பிரெஞ்சுப் பிரஜை என்ற ஒரு காரணத்துக்காகவே மாப்பிள்ளைக்கு ஜாதகம் குவிவதையும் பார்த்தபோதெல்லாம் வந்தது. எனக்குத் தங்கைகள் மூன்று பேர். மேல்நிலை எழுத்தர் சம்பளத்தில் ஒவ்வொரு கலியாணமாக நடத்தியபோது, திண்ணையில் இன்னும் ஒரே ஒரு தாள் எழுதியிருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஏதாவது வந்தால், "அந்தப் பிரெஞ்சுக்காரரக் கூப்பிடு" என்பார்கள். அது நான்தான்.

சாம்பல் புதன் அந்த வருஷம் பிப்ரவரி 27. காலையில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்தோம். அன்று மத்தியானம் அவன் புத்தகங்களை எடுக்க வந்தான். மதராஸ் போய், பம்பாய் ரயில் பிடித்து, அங்கிருந்து கப்பல் என்று சொன்னான். கப்பலில் ஐஸ் கிரீம் உண்டாம். தன்னிடமிருந்த பொன் புவான் ஆறையும் என் கையில் வைத்தான். என்னுடைய நாலோடு சேர்ந்தால் ஒரு படம். நான் அதை மாற்றவே இல்லை.

அன்று இரவு அவன் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் வண்ணான் மடிப்புக் கலையாத ஒரு மூட்டை. புதுநன்மைக்கென்று முன்கூட்டியே தைத்து வைத்த வெள்ளை ட்ரில் கோட்டு, கால்சட்டை, இடது கையில் கட்டுகிற வெள்ளை ரிப்பன். "அக்கா, அங்க போறதுக்குள்ள இவன் வளந்துடுவான். தம்பி போட்டுக்கட்டும்." அம்மா அப்பாவைப் பார்த்தார்கள். பிறத்தியார் உடுப்பை நாங்கள் போட்டது கிடையாது. வீட்டில் கஷ்டம் இருந்தது, ஆனால் அந்தப் பழக்கம் இல்லை. எனக்கோ மூக்கில் குத்தியது ஞாபகம் வந்து, தலை நிமிரவில்லை. அப்பா எழுந்து, இரண்டு கையாலும் அந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி போடக்கூட எழுந்திருக்காத மனுஷர்.

தபசு காலம் முழுவதும் அந்தக் கோட்டு பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, புளிக்குழம்பு, மீன் மட்டும். பாஸ்கு கழிந்து புதுநன்மைக்கு முன் மூன்று நாள் ஒடுக்கம். பேசக்கூடாது என்பது விதி. மூன்று நாளும் நாங்கள் சைகையிலேயே கோலி ஆடினோம். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதால் கோட்டுக் கை விரலை மூடியது. அம்மா உள்பக்கம் மடித்துத் தைத்தார்கள், வெட்டவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மூக்கில் குத்தியதைச் சொன்னேன். "அதுக்குத்தான் மை ஊத்தினியே" என்றார் பெரிய சாமியார், கூண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

புதுநன்மை அன்று கோவிலில் இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும். முன்னே உட்கார்ந்த 11 பேரில் நாலு பேர் அதற்குள் கப்பலேறியிருந்தார்கள். எனக்கு ஜோடி இல்லை. கையில் மெழுகுவத்தியோடு தனியாக நடந்தேன். அப்பா தூணோரம் நின்றார். நான் கடந்து போகும்போது அவர் பார்த்தது என் முகத்தை அல்ல, கோட்டுக் கையை.

அந்தக் கோடைக்கு வில்லியனூர் மாதா திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் நடந்தே போனோம். பரிசளிப்பு நாளில் எனக்குத் தீக்தேக்கு ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் கிடைத்தது. பெரிய சாமியார் கைகொடுத்தார். அடுத்த வருஷம் இரண்டு பிரெஞ்சு வகுப்பை ஒன்றாக்கிவிட்டார்கள்.

அவன் ஒரே ஒருமுறை வந்தான். நான் ஓய்வு பெறச் சில வருஷம் முன்பு. உடம்பு பெருத்து, மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் பேசிய தமிழ் 1963இலேயே நின்றுபோன தமிழ், கேட்க ஆசையாக இருந்தது. கப்ஸ் கோவில் எதிரே ழான் தார்க் சிலையைச் சுற்றிவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தோம். அப்பா காலமாகிவிட்டதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். "எங்க அப்பா கொடுத்த காகிதம் இன்னும் என்கிட்ட இருக்கு. கையெழுத்து மட்டுந்தான் அவரது. மத்ததெல்லாம் உங்க அப்பா எழுதனது. ஒரு தப்பு இல்லடா" என்றான்.

அப்புறம் கேட்டான், "அந்தக் கோட்டு என்னாச்சு?" தம்பி போட்டான், பிறகு சித்தப்பா மகன் போட்டான், கடைசியில் அம்மா தலையணை உறை தைத்துவிட்டார்கள் என்றேன். உனக்கு அங்கே எது போட்டார்கள் என்று கேட்டேன். அவன் போன ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி கோவிலிலேயே கொடுத்தார்களாம். உள்ளே அவன் மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தானாம். பூசை முடிந்ததும் வரிசையில் நிற்க வைத்து, அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.