மணலுக்குள் மிதக்கும் நல்ல தண்ணி

பார்த்தால் மீன்தொட்டி போல இருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளை மூன்று விரல் இடைவெளியில் நிறுத்தி, அடியையும் இரு ஓரங்களையும் சிலிக்கான் பசையால் அடைத்திருக்கிறது. உள்ளே இடமும் வலமும் கொசுவலைத் துணியில் இரண்டு தடுப்புகள். தடுப்புகளுக்கு நடுவே கழுவிய கடற்கரை மணல், மேடு கட்டிக் கொட்டியிருக்கிறது. தடுப்புக்கு வெளியே இரு பக்கமும் வெற்றிடம். ராமேஸ்வரம் தீவின் அரசுப் பள்ளி ஒன்றில், பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் போட்ட மேசைமேல் அது இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"இதுதான் நம்ம தீவு. வடக்கே இருந்து தெற்கே ஒரே வெட்டா வெட்டி நிமித்தி வச்சா இப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கம் பாக் விரிகுடா, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. இப்ப கடலை ஊத்துங்க" என்றார் கருத்தாளர்.

வானவில் மன்றத்தின் கருத்தாளர் அவர். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்றுக்கொடுக்க 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பொருள்களைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார்கள். இந்தக் கண்ணாடித் தீவு அவர் சொந்தமாகச் செய்து சேர்த்தது. பழைய சேலையில் சுற்றி, வண்டியின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவருகிறார்.

கடலையும் பிள்ளைகளே தயாரித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்பு, தராசில் நிறுத்துப் போட்டார்கள். கூடவே ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். சிவந்த கடலை இரு பக்கமும் ஊற்றியதும் அது கொசுவலை வழியாக மணலுக்குள் ஊறி, நடுவில் வந்து சேர்ந்தது. மணலின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு. அடுத்து மழை. மூடியில் ஊசியால் துளை போட்ட தண்ணீர் பாட்டிலை ஒரு பெண் மணல்மேட்டுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். "பொறுமையா, கார்த்திகை மழை மாதிரி" என்று கருத்தாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதி வகுப்புநேரம் அதிலேயே போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க நானும் குனிந்தேன். மேலிருந்து இறங்கிய தெளிந்த தண்ணீர் சிவப்போடு கலக்காமல் அதை மெல்லக் கீழே அமுக்கியது. நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் மெலிந்தும், கவிழ்க்காமல் வைத்த தோணியின் அடிவயிறு போல நல்ல தண்ணீர் சிவப்பின்மேல் மிதந்து நின்றது.

பிறகு கிணறு. சலைன் ஏற்றும் குழாயில் ஒரு துண்டை மணலுக்குள் செருகி, மறுமுனையில் ஊசியில்லாத சிரிஞ்சு. மெதுவாக இழுத்தவளுக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. அடுத்து வந்த பையன் ஒரே இழுப்பாக இழுத்தான். குழாய்க்கு நேர் கீழே சிவப்பு கூம்பாக எழும்பி, கண்ணெதிரே மேலேறி, சிரிஞ்சுக்குள் நுழைந்துவிட்டது.

"டீச்சர், உப்பு ஏறிருச்சு!"

அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. கெடுத்துப் பார்ப்பதற்கென்றே செய்த தொட்டி அது. பிள்ளையின் கையில் கெடக்கூடிய காட்சிப்பொருளே பிள்ளைக்குப் பாடம் சொல்கிறது என்று அங்கே நின்றபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது. பள்ளிக் கண்காட்சிகளில் நான் பார்த்த தண்ணீர் மாதிரிகள் பெரும்பாலும் தெர்மோகோலில் செய்தவை. நீல வண்ணம் அடித்த ஆறு, பச்சைத் தாள் ஒட்டிய மரம், பக்கத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குழந்தை. நனைத்தால் ஊறிப்போகும் என்று யாரையும் தொடவிட மாட்டார்கள். தண்ணீரைத் தொடாமல் தண்ணீரைப் பற்றி என்ன கற்பது?

அந்தத் தொட்டி ஒரே முயற்சியில் அமையவில்லை என்றார் கருத்தாளர். முதலில் பேனா மை கலந்தாராம். மணல் மையைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரை விட்டதாம். கண்ணாடி இடைவெளியை அகலமாக வைத்தபோது கூம்பு உள்ளே எங்கோ எழும்பியது, வெளியே தெரியவில்லை. மணலை ஏழெட்டு முறை அலசாவிட்டால் அதிலிருக்கும் பழைய உப்பும் தூசியும் எல்லாவற்றையும் கலக்கிவிடும். மணலில் காற்றுக்குமிழி தங்காமலிருக்க, மணலைத் தண்ணீருக்குள் தூவிப் படியவைக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் மிஞ்சிய துண்டுகளை நயமான விலைக்குக் கேட்டு வாங்கி, வீட்டு அடுப்படியில் வைத்து ஒட்டியிருக்கிறார். கைவேலை என்றால் இதுவும் கைவேலைதான். தறி நெய்பவரும் படகு கட்டுபவரும் காட்டும் அதே பொறுமையை இந்த வேலையிலும் கண்டேன்.

தொட்டி காட்டும் உண்மையைக் கணக்கில் எழுதியவர்கள் இருவர். நெதர்லாந்துக்காரரான பாடோன் கைபன் 1880களின் இறுதியில் எழுதினார். ஜெர்மனியின் வடகடல் தீவான நோர்டெர்னியில் குடிநீர் தேடிய ஹெர்ட்ஸ்பர்க் 1901-ல் அதே முடிவுக்கு வந்தார். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழே 40 அடிக்கு உப்பு மேலே வர வழி திறந்துவிடுகிறது. "இந்தத் தொட்டியில 40 பங்கைக் காட்ட முடியாது, இடம் பத்தாது" என்பதையும் அவர் பிள்ளைகளிடம் சொன்னார். மாதிரி எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை எனக்குப் பிடிக்கிறது.

இந்தக் கணக்கைக் கையால் அறிந்தவர்கள் தனுஷ்கோடியில் இருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரைக் கொண்டுபோன பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டுப் பிழைத்தன. குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, இரண்டு பக்கமும் கடல். மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். அப்படி ஓர் ஊற்றுக்கு அந்த வகுப்பைக் கூட்டிப்போனபோது நானும் உடன் போனேன். கையால் மணலை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்த மூதாட்டியைப் பிள்ளைகள் அப்பத்தா என்றே கூப்பிட்டார்கள். குழி அவர் இடுப்பளவு இருந்தது. சரியாமல் இருக்க ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கியிருந்தார். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மின் வளையம். தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மணலின் நிறம் மாறியது. பிறகு ஓரிடத்தில் மினுங்கி, மெல்லச் சுரந்து, உள்ளங்கை அளவு சேர்ந்தது. சிரட்டையைச் சாய்த்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்தெடுத்துக் குடத்து வாயில் கட்டிய துணியில் ஊற்றினார்.

"இன்னுங் கொஞ்சம் தோண்டுனா நெறைய வருமே அப்பத்தா?" என்றான் ஒருவன். சிரிஞ்சை ஒரே இழுப்பாக இழுத்த பையனேதான்.

"ஆழம் போனா சவருய்யா. ஊறுறதுக்கு நேரங் குடுத்துத்தான் கோரணும். அவசரப்பட்டா நாலு நாளைக்கு வாயில வைக்க முடியாது. அப்புறம் வேற எடம் பாக்கணும்."

எந்த இடம் என்று கேட்டதற்கு, ராவணன் மீசைப்புல்லும் அடும்பங்கொடியும் படர்ந்த மேட்டுப் பக்கம் கைகாட்டினார். அலை ஏறி ஈரமாகும் இடத்தில் தோண்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்த பிறகு முழங்கால் ஆழத்திலேயே ஊறும்; பங்குனி, சித்திரையில் குழி ஆழமாகும், சிரட்டை நிறைய நேரம் பிடிக்கும். ஆடு, நாய் வாய் வைக்காமலிருக்க ஓலையும் முள்ளும் போட்டு மூடி வைக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. கடலில் நனைத்தபோது மீட்டர் எண் காட்ட மறுத்தது. 35,000-ஐ அளக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஊற்றில் மூன்று இலக்கத்தில் நின்றது. இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு பையன் ஓடினால் மூச்சு வாங்காத தூரம். பிறகு அப்பத்தாவின் அனுமதியோடு, கைவிட்ட பழைய குழி ஒன்றில் வாளியால் மளமளவென்று இறைத்தார்கள். எண் ஏறிக்கொண்டே போனது. தொட்டியில் சிவப்பாகப் பார்த்ததை இங்கே எண்ணாகப் பார்த்தார்கள், நாக்கிலும் வைத்துப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் பேச்சு ராமநாதசுவாமி கோவிலின் 22 தீர்த்தங்களுக்குப் போனது. வாளியைக் கயிற்றில் இறக்கி, யாத்திரிகர் தலையில் ஊற்றும் பணியாளர் ஒருவரின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே ருசி வேறுபடும் என்று அப்பா சொல்வாராம். மீட்டரைக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கருத்தாளர் ஒருகணம் யோசித்து, "அப்பாகிட்ட கேட்டுட்டு, அவரு இறைச்சுக் குடுக்குற தண்ணியில வை" என்றார். கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ராமன் வில் ஊன்றிய கதையும் மணலடி நீரின் கதையும் அந்தப் பிள்ளைகளின் மனதில் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எந்தக் கதையானாலும் கிணற்றைக் காப்பாற்ற ஆசை வந்தால் போதும் என்பது என் கட்சி.

தீவைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போனால் இந்தத் தொட்டி ஊமையாகிவிடும். முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கம் மண் வேறு: களிமண், கரிசல். நிலத்தடி பெரும்பாலும் உவர்தான். ஆண்டுக்குச் சுமார் 820 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீரும். அதைப் பிடித்து வைக்கத்தான் கண்மாயும் ஊரணியும். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கருத்தாளர் வேறு சாமான்களோடு போகிறார். ஒரு பெரிய தட்டில் பிள்ளைகளே களிமண்ணால் ஊரணி கட்டுகிறார்கள். வரத்துக்கால் ஒன்று, அதன் வாயில் வண்டல் தங்க ஒரு குழி, கலுங்குக்கு ஒரு வெட்டு. வண்டல் குழி இல்லாமல் ஒரு குழு கட்டும். கலங்கிய தண்ணீரை இரண்டிலும் ஊற்றினால் எது சீக்கிரம் தூர்ந்துபோகிறது என்று கேட்கவே வேண்டியதில்லை.

கூடவே இரண்டு கண்ணாடிச் சாடிகள், இரண்டிலும் ஊரணிக் கலங்கல். ஒன்றில் தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரைத்துக் கலக்கி வைத்தார்கள். பாட்டிமார் பானையின் உட்புறம் தேய்த்த அதே கொட்டை. ஆட்டம் ஓய்ந்த பின் அந்தச் சாடியில் சேறு திரித்திரியாகச் சேர்ந்து அடியில் உட்காரத் தொடங்கியது. மற்றதில் கலங்கல் அப்படியே நின்றது. தெளிந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று அவர் அழுத்திச் சொன்னார்.

அங்கே என்னை உலுக்கியது குடக் கணக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குடம், 15 லிட்டர். இன்றைக்கு வீட்டுக்கு இவ்வளவுதான், பிரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வேலை. டம்ளரும் செம்பும் அளவுக் குவளையும் கொடுத்திருந்தார். பையன்கள் குளிப்பதற்கே முக்கால் குடத்தை ஒதுக்கிவிட்டு விழித்தார்கள். பெண்பிள்ளைகள் பேசாமல் பிரித்தார்கள். குடிக்க, உலை வைக்க, பருப்புக்கு. அரிசி களைந்த தண்ணீரை ஒருத்தி தனியாக நகர்த்தி வைத்தாள். "இது ஆட்டுக்கு டீச்சர்" என்றாள். பாத்திரம் கழுவக் கடைசி அலசல் தண்ணீரை அடுத்த முதல் அலசலுக்கு எடுத்தாள். அவளுக்கு இதை யாரும் பள்ளியில் சொல்லித்தரவில்லை. நான்கைந்து குடம் உட்காரும் இரும்புத் தள்ளுவண்டியை அதிகாலையில் அம்மாவோடு தள்ளிப் பழகியவள் அவள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் அவள் வீட்டில் வெவ்வேறு கணக்கு உண்டு. அன்றைக்கு வகுப்பு நடத்தியது அவள்தான். கருத்தாளர் கரும்பலகையில் அவள் சொன்னதை எழுதினார். தண்ணீரைச் சேமி என்று இந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு நா எழாது. சேமிக்கச் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில், மோட்டார் போட்டு உறிஞ்சும் இடத்தில் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது, அவள் கையிலிருப்பது அறிவு என்பதை.

சென்னையில் மழைநீர் ஆர்வலர் சேகர் ராகவன் முன்னின்று 2002-ல் திறந்த ரெயின் சென்டரில் மழைநீர் சேகரிப்பு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். மறு ஆண்டே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது தமிழ்நாடு அரசு. மாநிலம் முழுக்க ஒரே சட்டம் போதும். காட்சிப்பொருள் அப்படி இருக்க முடியாது. தீவுக்கு மணல் தொட்டி, கரிசலுக்குக் களிமண் ஊரணி என்று அந்தந்த மண்ணே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

தீவுப் பள்ளியில் தொட்டிக்குத் திரும்பியபோது, ஏறிய உப்பு எப்போது இறங்கும் என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்லாமல் கருத்தாளர் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தார். சிவப்பு நின்ற கோட்டைக் கண்ணாடிமேல் வரையவைத்து, மணியை எழுதவைத்து, தொட்டியைப் பள்ளியிலேயே விட்டுப்போனார். மறுநாள் கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து மழை பெய்வித்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியது, அதுவும் முன்பிருந்த இடத்துக்கு வரவில்லை. லாட்ஜுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் சிரிஞ்சு எத்தனை பெரிது என்று கேள்வி வந்தது. ஒருவனின் மாமா அப்படி ஒரு லாட்ஜில் மோட்டார் போடுகிறவர். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டு வருவதாகச் சொன்னான்.

இப்போது வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. தேதி, மழை, பள்ளிக் கிணற்றில் கயிறு நனையும் ஆழம், மீட்டர் எண், மாமா சொன்ன மோட்டார் நேரம் என்று ஐந்து கட்டங்கள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கிறார்கள். முழம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று சண்டை வந்ததால், தையல் டேப்பை வைத்து முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.