லயத்திற்கு வந்த ஒலி

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ட்ரான்சிஸ்டர், மலையகத்து லயங்கள் பலவற்றிற்கு மின்சாரத்தை முந்திக்கொண்டு வந்தது. டோர்ச் பற்றரியின் பலத்திலே இலங்கை வானொலி பாடிற்று. உள்ளிருந்த ஜேர்மானிய ஒலிபெருக்கியின் சக்தி சில நூறு மில்லிவாட்டே. உச்சத்திற் கரகரக்கும், சூடேறினால் மின்கசிவு மிகும். (நுவரெலியாக் குளிர் அக்குறையை ஓரளவு மறைத்தது.) இரு ட்ரான்சிஸ்டர்கள் ஒலியலையின் இரு பாதிகளையும் மாறிமாறிச் சுமந்தன, ஓசையற்ற வேளையில் பற்றரி அதிகம் கரையாது. கூலிக்காரனுக்கு ஏற்ற சிக்கனம் அது!

இன்றைய உயர்தரக் கருவிகளின் திரிபு செவிக்கு எட்டாதது. தூய்மையிற் பழையது தோற்றதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒன்றின் விலை 10 இலட்சம் ரூபா என்று கொள்வோம். 2021இல் வர்த்தமானி அறிவித்த நாட்கூலியோ 1,000 ரூபா. கொழுந்தெடுப்பவள் உண்ணாது உடாது ஆயிரம் நாள் மலையேற வேண்டும். பழைய பெட்டியை இஸ்தோப்பில் வைத்தால் அயல் காம்பராக்களும் கேட்டன.