பழைய வீட்டில் இரண்டு இரவுகள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்விரண்டும் எத்துணை அரிய செயல்கள் என்பதைச் செய்தவரே அறிவர். ஆனால் "கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார்" என்றும் ஒரு பழமொழி இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சென்ற கோடை விடுமுறையில் செட்டிநாட்டுப் பழைய மாளிகை ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கியபோது இவ்வெண்ணம் என் மனத்தில் வேரூன்றியது.

தோழியரே, என் சொந்த ஊர் கொல்லிமலையிலுள்ள வாசலூர்பட்டி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே படகு இல்லம் இருப்பதால் விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். எங்கள் வீடு தாத்தா கட்டிய மண்சுவர் வீடு. முதலில் புல் வேய்ந்திருந்ததாம். பின்னர் தாத்தா நாட்டு ஓடு போட்டார். உள்ளே பெரிய பரண் ஒன்று உண்டு. சாமையும் தினையும் காய்ந்த மிளகும் அதில்தான் இருக்கும். மழைக்காலத்தில் விறகு அடுப்பின் புகை அந்தப் பரணைச் சுற்றிக்கொண்டு மெல்ல ஓட்டின் வழியே வெளியேறும். அந்த வாசனைதான் எனக்கு வீட்டின் வாசனை. விடுதியில் படுத்திருக்கும்போது சில இரவுகளில் அதை நினைத்துக்கொள்வேன்.

இந்த வீடு அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாமாருக்கும் பொது. சின்னச் சித்தப்பா சில காலமாகவே, "அண்ணா, இதை இடித்துவிட்டு ஆறு அறைகளோடு கான்கிரீட் கட்டடம் கட்டுவோம். வருகிற பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம். கடனும் அடையும், பிள்ளைகள் படிப்பும் நடக்கும்" என்று சொல்லி வந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மழை பெய்தால் மூன்று இடங்களில் ஒழுகும் வீடு அது. அப்பா பதில் சொல்லாமல் இருந்தார். அப்பாயியோ, "என்னைக் கொண்டுபோய் வைத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன்பின் அந்தப் பேச்சு எழுந்தாலே முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இந்த நிலையில்தான் என் தாய்மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. மாமா கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரில், தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய மாளிகை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். "மே மாத வெயிலில் இங்கே யாரும் வருவதில்லை. மேலாளர் குறைந்த வாடகைக்கு அறை தருகிறார். விருந்தினரை எப்படி வைத்துக்கொள்வது என்று மச்சானும் நேரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அப்பா, அம்மா, நான், சின்னச் சித்தப்பா ஆகிய நால்வரும் புறப்பட்டோம். செம்மேட்டில் பேருந்து ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி, நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக மாலையில் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வீட்டைக் கண்டதும் நான் மலைத்து நின்றேன் என்றால் மிகையாகாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் நின்று பார்த்தால், கதவுக்குப் பின் கதவாக எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்து, கடைசியில் பின்வாசலின் வெளிச்சம் சிறு பொட்டாகத் தெரிந்தது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே சென்றது. தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் ஆத்தங்குடிக் கற்கள் பூப்பூவாய் மின்னின. இக்கற்களைச் சூளையில் சுடுவதில்லை என்று மாமா சொன்னபோது வியந்தேன். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி தந்தது. சுவர்களோ வெயிலிலும் கைக்குச் சில்லென்று இருந்தன. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு முதலியவை சேர்த்து, பல பூச்சுகள் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் அவை.

இத்தகைய வீடுகளைக் கட்டியவர்கள் நகரத்தார் பெருமக்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் செய்து ஈட்டிய பொருளில் எழுந்தவை. 1930-களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது பர்மாவில் கடன் வாங்கியவர்களால் பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. பணத்துக்கு ஈடாக நிலம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். பல்லாயிரம் இந்தியர் கால்நடையாகவே தாயகம் நோக்கி ஓடிவந்தனர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களும் கைவிட்டுப் போயின. வருமானம் நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள் உரிமையாளர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற யார் பணம் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலேயே பல மாளிகைகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களையும் கதவு நிலைகளையும் இன்றும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் காணலாம். எஞ்சியவற்றுள் சில விடுதிகளாகி உயிர் தரித்துள்ளன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது நமக்கெல்லாம் பெருமையே.

இத்தனை அழகுக்கும் நடுவே குறைகளும் இல்லாமலில்லை. எங்கள் அறைக்கு வெளிப்பக்கம் சன்னலே கிடையாது. பகலிலும் விளக்குப் போடவேண்டும். கட்டிலைப் போட்டபின் நடக்க ஓர் ஓரம்தான் மிஞ்சியது. உள்கதவின் நிலை தாழ்வானது. சின்னச் சித்தப்பா முதல் நாளே மூன்று முறை தலையில் இடித்துக்கொண்டார். "இந்த வாசலுக்கு வணக்கம் போட்டே என் கழுத்து வளைந்துவிடும் போலிருக்கிறது" என்று அவர் முணுமுணுத்தபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். குளியலறைக்குப் போக இரண்டு படி ஏறவேண்டும். அதன் தடுப்புச்சுவர் மேற்கூரையைத் தொடவில்லை. குழாயைத் திறந்தால் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு இருமல், அதன்பின்தான் தண்ணீர்! இரவில் உத்திரத்தின்மேல் புறாக்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் இலையில் பரிமாறப்பட்டன. அப்போது அப்பா இக்குறைகளைப் பற்றி மாமாவிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். மாமா சொன்ன விடை எனக்குப் புதிய பாடமாக இருந்தது. அந்த அறைகள் உறங்குவதற்கென்று கட்டப்பட்டவையே அல்லவாம். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதில் சீர்வரிசைப் பாத்திரங்களும் பெட்டிகளும் இருக்கும், பூட்டும் தொங்கும். மக்கள் படுத்ததெல்லாம் வளவின் நடைகளில், முற்றத்துக் காற்றில்தான். கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கானோர் கூடுவதற்காகக் கட்டிய வீட்டில், தனித்தனி அறை கேட்பவர்கள் நாம். குளியலறைக்குப் படி வைத்ததும் காரணத்தோடுதான். குழாய் பதிக்கத் தரையைத் தோண்டினால் அந்தப் பூக்கற்கள் உடையும். ஆகவே குழாயைக் கல்லின்மேல் ஓடவிட்டு, அதற்கும் மேலே புதுத்தரை போட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது, பள்ளி நூலகத்தில் நான் படித்த துருக்கி நாட்டுச் சாஃப்ரன்போலு நகரம் நினைவுக்கு வந்தது. உதுமானியர் காலத்து மரவீடுகள் நிறைந்த அந்நகரம் 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கும் பல வீடுகள் விடுதிகளாகியுள்ளன. அவ்வீடுகளில் குளிக்கும் இடம் சுவர் அலமாரிக்குள்ளேயே அமைந்திருக்குமாம்! அலமாரிக் கதவைத் திறந்து குளிக்கப் போகும் விருந்தினரும் முதலில் திகைக்கத்தானே செய்வார்? கடல் கடந்தும் பழைய வீடுகளின் குணம் ஒன்றாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள் இரவு எதிர்பாராமல் கோடை மழை கொட்டியது. நான்கு புறக் கூரைகளிலிருந்தும் நீர் முற்றத்தில் வெள்ளிக் கம்பிகளாய் இறங்கிய காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். அருவிக்குப் பெயர் பெற்ற மலையில் பிறந்த நானே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வளவின் ஒரு மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது. அங்கிருந்த அறையில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர், "இவ்வளவு வாடகை வாங்கிக்கொண்டு ஒழுகுகிற வீட்டையா கொடுப்பது?" என்று சத்தம் போட்டார். மேலாளர் மன்னிப்புக் கேட்டு அவர்களுக்கு வேறு அறை தந்தார். மாமா ஒரு பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். விடியும்வரை அது "டங், டங்" என்று மணியடித்துக்கொண்டிருந்தது.

பொழுது விடிந்ததும் மாமா ஏணி வைத்துக் கூரையேறினார். அப்பாவும் பின்னாலேயே ஏறினார். வேப்பங்கிளை விழுந்து நான்கு ஓடுகள் விலகியிருந்தன. அவ்வளவுதான்! கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. "அந்தப் பெரியவர் கோபப்பட்டது சரிதான் மச்சான். கதவு தாழ்வாக இருப்பது வீட்டின் குணம், அதற்கு அவர் குனியத்தான் வேண்டும். ஓடு விலகியிருப்பது என் வேலைக் குறை, அதற்கு அவர் குனிய வேண்டியதில்லை" என்றார் மாமா.

தோழியரே, எத்தனை ஆழமான சொல்! பழைய வீட்டின் குறைகள் இரண்டு வகை. ஒன்று, பிறவிக்குணம். அதை நீக்கினால் வீடே போய்விடும். விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, கவனிக்க ஆளில்லாமையால் வருவது. அதை மறைக்கவும் கூடாது, அழகென்று சொல்லி மழுப்பவும் கூடாது. ஏணியைத்தான் எடுக்க வேண்டும். முதல் வகையைக் கண்டு வீட்டை வெறுப்பவர்களும் உண்டு, இரண்டாம் வகையைக் காட்டி வீட்டை இடிப்பவர்களும் உண்டு.

திரும்பும் வழியில் பேருந்தில் அப்பா இதையே சொன்னார். சின்னச் சித்தப்பா உடனே, "அது சரி அண்ணா, அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஏறுகிறார்கள். நம் வீட்டில் அப்பா இறந்தபின் ஓட்டின்மேல் ஏறியது யார்?" என்று கேட்டார். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இந்த ஆடிக்கு நான் ஏறுகிறேன்" என்றார். வளைவுகள் முடியும்வரை இருவரும் வேறெதுவும் பேசவில்லை.

ஆடி பிறக்குமுன் மூன்று சகோதரர்களும் கூடிப் பேசினார்கள். பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கழிப்பறையோடு கூடிய இரண்டு கான்கிரீட் அறைகள் கட்டுவது, முன்வீட்டை ஓராண்டு தொடாமல் வைப்பது என்று முடிவாயிற்று. சின்னச் சித்தப்பாவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆறு அறைகள் தரும் வருமானத்தை இரண்டு அறைகள் தராது என்பது உண்மைதானே? அடுத்த ஆண்டு கணக்குப் பார்த்துப் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்றினார்கள். உடைந்தவற்றுக்குப் பதிலாக நாட்டு ஓடு கடையில் கிடைக்கவில்லை. ராசிபுரம் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து அப்பா வாங்கிவந்தார். எவருடைய வீட்டை எத்தனை ஆண்டுகள் காத்த ஓடுகளோ! நானும் அம்மாவும் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்க, அப்பா மேலே அடுக்கினார். பத்து மணிக்குச் சின்னச் சித்தப்பா தம் வீட்டு ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். யாரும் அழைக்கவில்லை.

விடுமுறையில் நீங்களும் எங்காவது ஒரு பழைய வீட்டில் தங்க நேரலாம். அறை இருட்டாயிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளுமுன், இந்த அறை முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கூரை ஒழுகினால் மட்டும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்!

ஐப்பசி மழை முடிந்து விடுமுறைக்குப் போனபோது அப்பாயியிடம், "ஒழுகிற்றா?" என்று கேட்டேன். "இரண்டு இடம் நின்றுவிட்டது, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் சொட்டுகிறது" என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு, வெளியே போகாமல், பரணுக்குக் கீழே உட்கார்ந்து சாமை புடைக்கத் தொடங்கினார்.