கைப்பழகிய அடி

உத்திரமேரூர் என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த ஊர் அது. அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆனால் சுற்றுப்பட்ட கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வட்டாரம் இன்னொன்றுக்காகவும் மனதில் நிற்கும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவைச் சொல்கிறேன். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தை விரித்துச் சொல்ல, இரவில் அதே கதை விடியும்வரை தெருக்கூத்தாக நடக்கும். இறுதி நாளின் காலையில் படுகளம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திறந்தவெளியில் மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்திய பேருருவம் துரியோதனன். பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அதைச் சுற்றி ஓடும். முடிவில் தொடையில் அடி விழும். மண்ணுருவின் தொடையில் வைத்திருக்கும் செந்நீர் சிதறும். திரௌபதி கூந்தலை அள்ளி முடிவாள். அன்று மாலையே தீமிதி.

அந்த அடி நெறி தவறியது என்பது ஊரில் சிறு குழந்தைக்கும் தெரியும். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கலாகாது. பலராமன் கலப்பையை ஓங்கிக்கொண்டு எழுந்தது அதனால்தான். அந்த அடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தர்மத்திலேயே நின்றுவிடுகிறது. இளவயதில் சில ஆண்டுகள் கம்பு சுற்றக் கற்றவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி எழும். அவ்வளவு தேர்ந்தவனின் தொடை பீமனுக்கு எப்படி எட்டியது?

வியாச பாரதத்தின் சல்லிய பருவத்தில் இதற்கு விடை இருக்கிறது. பீமன் பலசாலி, துரியோதனனோ பயிற்சி மிக்கவன் என்கிறான் கண்ணன். பதின்மூன்று ஆண்டுகள் இரும்பால் பீமனின் உருவத்தைச் செய்து வைத்துக்கொண்டு அதன்மீது பழகியவன் துரியோதனன். போரின் கடைசித் தருணத்தில் பீமன் வீசும் கதாயுதத்திலிருந்து தப்ப அவன் மேலே எழும்புகிறான். அவன் எழும்பப்போகிறான் என்பதை பீமன் முன்னதாகவே உணர்ந்துவிடுகிறான். காற்றில் இருப்பவனால் திசை மாற முடியாது. தொடை திறந்து கிடக்கிறது. துரியோதனனுக்கு அது யோசித்துச் செய்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அவன் உடம்புக்கு மிகவும் பழகிப்போன அசைவு அது. இரும்புப் பதுமை அடியை வாங்கிக்கொள்ளும், அடித்தவனின் பழக்கத்தை அது படித்துக்கொள்வதில்லை. எதிரில் நின்ற பீமன் படித்துக்கொண்டான்.

ஒவ்வொரு சண்டைக்காரருக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஓர் அடி இருக்கும். ஜப்பானிய ஜூடோவில் இதை 'தொகுயி வாஸா' என்கிறார்கள், ஒருவருக்கு நன்றாகக் கைவந்த உத்தி என்று பொருள். எங்கள் பக்கத்தில் அதற்குத் தனிப் பெயர் ஏதும் இல்லை. 'அது அவரு அடி' என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கம்பு கற்றுத்தந்த வாத்தியார் பகலில் நெல் மூட்டை சுமப்பவர். மாலையில் அறுவடை முடிந்த கழனியில் எங்களை வரிசையாக நிறுத்துவார். கம்பு அவரவர் நெற்றிப்பொட்டு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். வாத்தியார் குள்ளமானவர், ஆகவே அவர் கம்பும் குட்டை. நெடியவர்களோடு ஆடும்போது சட்டென்று குனிந்து கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அது அவர் அடி. அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. குனிகிற நொடியில் தலையும் தோளும் காப்பின்றி நிற்கும். அவருடைய இடது காறை எலும்பு எப்போதோ முறிந்து, மேடு தட்டிக் கூடியிருந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்ச அடிதானே வாத்தியாரே, அப்பறம் எப்படிப் படுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியறதாலதான்டா படுது. கீழ வருவேன்னு கம்பை எறக்கறான் பாரு, அப்ப மேல காலியா கெடக்குது" என்றார்.

அவர் பெயர் சொன்ன அடியின் பாதி பலம், அதை அடிக்காமல் விடுவதில் இருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. எங்களில் யாருக்கும் அதை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டால், "இது என் ஒசரத்துக்கு வந்தது. உனக்கு வேற வரும்" என்பார். மாறாக வேறொன்று செய்தார். எவனுக்கு எது நன்றாக வருகிறதோ, அதைச் சில வாரம் தொடக்கூடாது என்று விலக்கிவைத்துவிடுவார். எனக்கு வலமிருந்து விழும் தலையடி இயல்பாக வந்தது. அதை நிறுத்தினார். அந்த நாட்களில் என்னைவிடச் சிறியவனிடமும் அடி வாங்கினேன். "அது எங்கியும் போயிடாது. மத்தது வரட்டும்" என்பதற்கு மேல் அவர் விளக்கம் தந்ததில்லை.

வெகுகாலம் கழித்து மசாஹிகோ கிமுராவைப் பற்றிப் படித்தபோது வாத்தியாரின் இந்தச் சொல் மீண்டும் காதில் விழுந்தது. கிமுரா ஜப்பானின் பெரும் ஜூடோ வீரர். எதிரியின் காலை வெளிப்புறத்திலிருந்து வாரிச் சாய்க்கும் 'ஓசோதோகாரி' அவருடைய அடி. துரியோதனனுக்கு இரும்புப் பதுமை போல அவருக்கு ஒரு மரம் இருந்தது. அதன்மீது மோதி மோதி அந்த வீச்சைப் பழகினார். 1951 அக்டோபரில் பிரேசிலின் ரியோ நகரில், மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியோடு மோதினார். எறிந்து வீழ்த்துவதால் வெற்றி கிடையாது, எதிரி அடங்கினால்தான் முடிவு என்பது அன்றைய விதி. ஆகவே அவருடைய பேர்பெற்ற வீச்சு மட்டும் அங்கே போதாது. வீழ்த்திய பிறகு கிமுரா தரையில் ஹீலியோவின் கையைப் பின்னுக்கு முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தும் ஹீலியோ ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பினரே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டு ஜூடோவில் முன்பே இருந்ததுதான். ஆனால் பிரேசில்காரர்கள் அதற்குக் 'கிமுரா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் அந்தப் பெயர்தான். மரத்தில் மோதிப் பழகிய வீச்சுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. அது போதாத இடத்தில் கைகொடுத்த இன்னொன்றுக்கு, தோற்ற தரப்பு அவர் பெயரைச் சூட்டியது.

துரியோதனனிடமும் கிமுராவிடமும் உழைப்பில் குறைவில்லை. கைப்பழகியது உதவாத நொடியில் வேறொன்றை எடுக்க முடிந்ததா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நமக்குக் கைவந்த வாக்கியம் ஒன்று இருக்கிறது. வாசகர் அதைக் கண்டுகொண்ட பிறகும் நாம் அதையே நம்பி எழும்பிக்கொண்டிருக்கிறோம்.

வாத்தியார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கணுக்கால் அடி அவரோடு போயிற்று. இதற்கிடையில் சிலம்பம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகள் சான்றிதழுக்காகக் கற்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. காறை எலும்பை விலையாகக் கொடுக்காமல் ஒரு பிள்ளை கம்பு கற்க முடியுமென்றால் அது நல்லதுதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி சுற்றுவதைப் பார்க்கும்போது, இவர்களில் யாருடைய அடி எது என்று என் கண் தேடும்.

சென்ற கோடையில் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பயிற்சி நடப்பதை நின்று பார்த்தேன். சொல்லித்தருபவர் என்னோடு அந்தக் கழனியில் கம்பு பிடித்தவர். பத்து வயதிருக்கும் ஒரு பெண், இடக்கைக்காரி. இடப்பக்கமிருந்து அவள் வீசுவது எதிரில் நின்ற பையன்களுக்குப் பிடிபடவே இல்லை. ஒவ்வொருவராகக் கம்பைத் தவறவிட்டார்கள். அவர் அவளை நிறுத்தி, கம்பை வலக்கைக்கு மாற்றச் சொன்னார்.

"எதுக்கு சார்? நல்லாத்தானே படுது?"

"அது எங்கியும் போயிடாதும்மா. மத்தது வரட்டும்."

அவளுக்குக் கோபம். உதட்டைக் கடித்துக்கொண்டு வலக்கையால் வீசினாள். கம்பு கை நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வீசினாள்.