ஆடும் தொடாத இலை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ளது. புறப்பட்ட சிறிது நேரத்தில் வலப்புறம் சிறுமலை எழுந்து நிற்கிறது. அதன் மேலுள்ள ஊருக்கு ஏறும் பாதை 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சாணார்பட்டி, கோபால்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்தபின் இடப்புறம் கரந்தமலை தோன்றும். நத்தத்தைத் தாண்டி மதுரை வழியே திரும்பினால் அழகர்மலை உடன் வரும். அநுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே சிறுமலை என்பது இப்பக்கத்து மக்களின் நெடுநாள் வழக்கு.

மலைகள் சூழ்ந்த நத்தத்துக்கு மாவும் புளியும் பெருமை சேர்ப்பவை. அத்தோப்புகளைக் கண்டு மகிழும் பயணி, தோப்பின் வேலியில் நிற்கும் செடிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாம் இங்கு சிந்திக்க விரும்புவது அந்த வேலிச் செடிகளைப் பற்றியே.

வானம் மாறிய காலம்

இப்பகுதியின் நிலங்களில் பெரும்பாலானவை வானம் பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே உழவரின் முதல். 2016ஆம் ஆண்டில் அம்மழை, தமிழகம் நூறாண்டுகளுக்கு மேலாகக் கண்டிராத அளவுக்குப் பொய்த்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையுமே வறட்சி மாவட்டங்களாக அறிவிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல், கடலிலிருந்து இத்தனை தொலைவு உள்ளே இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலும் புகுந்து மரங்களைச் சாய்த்தது. ஒருபுறம் வறட்சி, மறுபுறம் அடாத மழை என மாறிவரும் இக்காலத்தில், எந்தப் பயிர் தாங்கும் என்பதே நம் உழவர் குடும்பங்களின் கேள்வி. அதற்கு ஒரு விடை வேலியோரத்திலேயே நிற்கிறது.

ஆடு தொடாத காரணம்

ஆடாதோடையை அறியாத கிராமத்தார் இரார். ஆடும் தொடாத இலை என்பதே அதன் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். எதையும் மேயும் வெள்ளாடு இதை மட்டும் விட்டுவிடுவானேன்? அதன் இலையிலுள்ள கசப்பான காரப்பொருளே காரணம். வாசிசின் என்பது அதன் பெயர். நம் பாட்டிமார் இருமலுக்குக் கஷாயமாக இறக்கிய அதே பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வாளர்கள் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை உருவாக்கினர். அதன் வழிவந்த அம்புரோக்சாலை இன்று மருந்துக் கடைகளில் சளியிளக்கும் பாகாக வாங்குகிறோம்.

ஓடவோ ஒளியவோ இயலாத செடி, மேயும் வாய்க்கும் அரிக்கும் பூச்சிக்கும் சுடும் வெயிலுக்கும் எதிராகத் தன் உடலுக்குள்ளேயே காப்புப் பொருள்களைச் சமைத்துக்கொள்கிறது. அவற்றுள் பல, அளவறிந்து கொடுத்தால், மனிதனுக்கு மருந்தாகின்றன.

நித்தியகல்யாணியும் அவ்வாறே. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, நம் நாட்டில் சுடுகாட்டுப் பூ என்ற பெயரும் பெற்றது அது. நீர் ஊற்றுவார் இல்லாமலே பூக்கும். நீரிழிவுக்கு அது பயன்படுமா என்று 1950களில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்போர் ஆராய்ந்தனர். நீரிழிவு குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. அந்த எதிர்பாராத வழியில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதையடுத்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தீர்க்க உதவும் வின்கிரிஸ்டின் கிடைத்தது. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இச்செடியை நீர் குறைத்து வளர்த்துப் பார்த்தபோது, செடியின் வளர்ச்சி குன்றியது. ஆனால் அஜ்மலிசின் என்னும் மருந்துப் பொருள் அதன் வேரில் மிகுந்தது. வறண்ட நிலம் மூலிகைக்குத் தாழ்ந்த நிலமன்று என்பதற்கு இது சான்று.

செங்காந்தள் தரும் எச்சரிக்கை

எனினும் எல்லா மூலிகையும் எளிதில் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. நம் மாவட்டத்தின் மேற்கே ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பக்கங்களிலும், அதற்கு அப்பால் மூலனூர், தாராபுரம் பக்கங்களிலும் செங்காந்தள் பயிராகிறது. கண்வலிக் கிழங்கு என்பது உழவர் வழக்கு. நம் மாநில மலரும் அதுவே. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கீல்வாதத்தின் ஒரு வகைக்கு நெடுங்காலமாக மருந்து. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து ஆணையம் இதை, மிகச் சிறிய அளவில், இதயநோய்க்கும் ஏற்றுக்கொண்டது. பழைய செடி இவ்வாறு புதிய மருந்தாகியிருக்கிறது.

ஆனால் அதை விளைவிப்பவரின் பாடு பெரிது. விதைக்கிழங்கின் விலை அதிகம். கொடி பற்றிப் படரக் கம்பியும் குச்சியும் நிறுத்த வேண்டும். காய் பிடிக்க, காலைதோறும் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். அந்தப் பூக்காலத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவப்படும். இலைக்கருகல் நோயும் தாக்கும். சந்தை விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். மேலும், அக்கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென்று தவறாகச் சமைத்து உயிரிழந்தோர் உண்டு. மருந்துச் செடி யாவும் தீங்கற்றவை என்ற எண்ணத்தை நம் இல்லங்களிலிருந்து அகற்றுவது நலம்.

அளவறிந்த விளைச்சல்

1988ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தியாகராஜனும், நோபெல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்கும், பிறரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். மஞ்சட்காமாலைக்கு நாம் அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியைப் பற்றியது அது. ஈரல் அழற்சி பி என்னும் கிருமியைத் தாங்கியிருந்த 37 பேருக்கு அதைக் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அவர்கள் கண்டனர். உலகமே வியந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அப்பயன் அவ்வாறு உறுதிப்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது யாது? ஒரு மண்ணில், ஒரு பருவத்தில் பறித்த இலையும், வேறு மண்ணில், வேறு பருவத்தில் பறித்த இலையும் ஒரே ஆற்றல் உடையன அல்ல. பெயர்க் குழப்பம் வேறு. நிலவேம்பைப் பலர் சிறியாநங்கை என்கின்றனர். அப்பெயர் மற்றொரு செடிக்கும் வழங்குகிறது. இன்ன செடி, இன்ன நிலத்தில், இன்ன முறையில் விளைந்தது என்று உறுதி கூறக்கூடிய பொருளே ஆய்வுக்கு உதவும். அவ்வுறுதியைக் காட்டில் பறித்த மூட்டை தராது. அறிந்து பயிரிட்ட வயலே தரும். செடியைப் பெயரறிந்து பதிவு செய்யும் அரும்பணியை இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் நிறுவிய இராபினாட் தாவரச் சேமிப்பகத்தின் வழியே செய்தார். சமவெளியின் செடிகளையும் நம் மாவட்டத்துப் பழனி மலைச் செடிகளையும் அவர் எழுதிவைத்த நூல்கள் இன்றும் ஆய்வாளருக்குத் துணை.

மலைக்கும் பங்கு, மக்களுக்கும் பங்கு

2012இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் ஊரெங்கும் வழங்கப்பட்டன. அத்தனை சரக்கும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். நம் நாட்டு வாணிகத்திலுள்ள மூலிகை வகைகளுள் பெரும்பாலானவை இன்றும் காட்டிலும் தரிசிலும் சேகரிக்கப்படுபவை. இலையைப் பறித்தால் துளிர்க்கும். நன்னாரியைப் போல வேரைத் தோண்டினால் செடியே போயிற்று. இதை முன்னரே உணர்ந்துதான், 1993க்குப் பின் தமிழக வனத்துறை பெங்களூர் அறக்கட்டளை ஒன்றின் துணையுடன் மூலிகைக் காப்பிடங்களை அமைத்தது. நத்தத்துக்கு அண்மையிலுள்ள அழகர்கோயிலும் அவற்றுள் ஒன்று. அங்கே காக்கப்படும் செடிகளே நாளைய வயல்களுக்கு விதைக் களஞ்சியம்.

அறிவைத் தந்தவருக்கும் பங்கு வேண்டும். கேரளத்தின் அகத்தியர் மலையில் வாழும் காணி மக்கள், களைப்பு நீங்க மென்று தின்னும் ஒரு பழத்தை 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டினர். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையில் பாதி அம்மக்களின் அறக்கட்டளைக்குச் சேர வழி செய்யப்பட்டது. நத்தத்து மலையடிவாரங்களில் செடி பறித்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களும் இவ்வாறு மதிக்கப்பட வேண்டாவா?

ஆகவே, நிலமுள்ள குடும்பங்கள் மாந்தோப்பின் வேலியில் ஆடாதோடையையும், தரிசின் ஓரத்தில் நித்தியகல்யாணியையும் ஐந்து பத்து சென்ட் அளவில் முயன்று பார்க்கலாம். வாங்குபவர் யார், என்ன விலை என்பதைக் கேட்டறிந்த பின்னரே விதைக்க வேண்டும். காந்திகிராமத்து லட்சுமி சேவா சங்கம் போன்று சித்த, ஆயுர்வேத மருந்து செய்யும் நிலையங்கள் நம் அருகிலேயே உண்டு. மாநில மருத்துவத் தாவர வாரியமும் இருக்கிறது. நிலமில்லாதார் கொல்லையில் தூதுவளையும் துளசியும் வளர்க்கலாம். பிள்ளைகளுக்கு வேலிச் செடிகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பதற்கோ நிலமும் வேண்டா, பொருளும் வேண்டா. பெயர் தெரிந்த செடியை எவரும் களையென்று வெட்டி எறியார்.