எட்டாவது கேள்வி

வெள்ளவத்தையில் 100, 101 பஸ் ஏறுமுன்னரே சில ஐயாமார் கணக்குப் போடுகிறார்கள். காலி வீதியில் நெரிசல் என்றால் புறக்கோட்டை போய்ச்சேர எவ்வளவு நேரம்? இடையில் சலம் முடுக்கினால் எங்கே இறங்குவது? காலைத் தேத்தண்ணியை விட்டுவிடுவதா? கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர், எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் வாசலோரக் கதிரையில்தான் இருப்பார். ஏனென்று வீட்டாருக்குத் தெரியாது.

*

சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருப்பது புரோஸ்டேட் சுரப்பி. வயது போகப்போக அது பெருக்கும். குழாய் நெருக்குப்படும்; தாரை மெலியும்; போய்முடிந்தும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கும்; இரவில் மூன்று நாலு தரம் எழும்ப வேண்டி வரும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் நீரிழிவிலும் சலத்தொற்றிலும் இதே குறிகள் சில வரும் என்பதால் சோதித்துத்தான் சொல்லலாம். சலத்தில் இரத்தம் கண்டால் தள்ளிப்போடக்கூடாது. அடியோடு அடைத்துவிட்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. தடிமனுக்கு பாமசியில் வாங்கும் சில குளிசைகளே அப்படி அடைக்க வைக்கும்.

*

1992இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் ஒரு வினாத்தாள் தயாரித்தது. உலகெங்கும் டொக்டர்மார் இன்று பயன்படுத்துவது அதன் வழிவந்ததைத்தான். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 35. 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கூடவே எட்டாவதாக ஒன்று: மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்கவேண்டி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

என் மனதுக்கு அதுதான் பெரிய கேள்வி. 18 புள்ளி எடுத்த ஒருவர் ஓய்வாக வீட்டில் இருந்து சமாளித்துக்கொள்வார். 9 எடுத்த பஸ் சாரதிக்கு அது பிழைப்பையே கெடுக்கும்.

*

டொக்டரின் அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் மகள் நிற்கிறாள். டொக்டருக்குச் சிங்களம், அப்பாவுக்குத் தமிழ், நடுவில் அவள். "சலம் கொஞ்சம் அடிக்கடி போகுது எண்டு சொல்லு பிள்ளை" என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்கிறார். உள்ளாடை நனைவதையும் தாம்பத்தியத்தையும் மகள் வாயால் எப்படிச் சொல்விப்பது? அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்; அது இந்த நாட்டின் பெருங்கொடை. மருந்து கிடைக்கிற அந்த இடத்தில் மனம்விட்டுப் பேசவும் வழி வேண்டும்.

*

தம்சுலோசின் என்ற மருந்து சில நாட்களிலேயே சுகம் தரும். சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். சிலருக்கு விந்து குறையும், அல்லது வராமலே போகும். பினஸ்டரைட் என்ற மருந்து சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதமளவு செல்லும். சிலருக்கு ஆசை குறையலாம். குழாய் வழியாகச் சுரண்டும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு விந்து பின்னோக்கிச் சலப்பைக்குள் போய்விடும். இவற்றை முன்கூட்டியே சொன்னால் மனிசன் யோசித்து முடிவெடுப்பான். சொல்லாவிட்டால் பயந்து குளிசையை நிறுத்துவான். நிறுத்தியதை மனைவிக்கும் சொல்லமாட்டான்.

*

டொக்டரிடம் போகுமுன் மூன்று நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சலம் போனது, அளவுக் கோப்பையில் எத்தனை மில்லிலீற்றர், என்ன குடித்தது, இரவில் எத்தனை தரம் எழும்பியது. இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அதற்குக் கீழே எட்டாவது கேள்விக்கான பதிலை, தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்து, டொக்டர் கையில் நீங்களே கொடுங்கள். மகள் வெளியில் இருக்கட்டும்.